காய்ச்சல் போன பிறகு வந்த ரிப்போர்ட்

போன இதழில் டெங்கு பரிசோதனை பற்றி ஒரு வாசகர் கேட்டதற்கு நாலு வரியில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அது போதாது என்று தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் வந்து சேர்ந்த கேள்விகள் இவை. இருபது வருஷத்துக்கு மேல் அரசு ஆய்வகங்களில் பிளேட்டும் பிப்பெட்டுமாகக் காலம் தள்ளியவன் நான், அதனால் இந்த முறை பக்கம் முழுக்க லேப் சமாசாரம்தான்.

கே: என் பையனுக்கு எட்டு வயது. காய்ச்சல் என்று தனியார் லேபில் கார்டு டெஸ்ட் எடுத்ததில் டெங்கு என்று வந்தது. அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வந்தபோது பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து நாலு நாள் ஆகிவிட்டது. பிள்ளை அழுததுதான் மிச்சம். எதற்கு இந்த வேலை?
(ஒரு தாய், திருப்பூர்)

ப: உங்கள் கோபம் நியாயம்தான் அம்மா. ஆனால் அந்த இரண்டாவது ரத்தம் பெரும்பாலும் உங்கள் தெருவுக்காக எடுத்தது. பையனுக்கு வைத்தியம் பார்க்க டாக்டர் அந்த ரிசல்ட்டுக்காகக் காத்திருக்க மாட்டார். தட்டணு எவ்வளவு, ரத்தம் கெட்டிப்படுகிறதா, பிள்ளை தண்ணீர் குடிக்கிறானா, ஒழுங்காக ஒன்றுக்குப் போகிறானா என்று பார்த்துப் பார்த்தே டெங்குவைச் சமாளித்துவிடுவார்கள். ஊரில் டெங்கு இருக்கிறதா, எந்தத் தெருவில், எத்தனை பேருக்கு என்பது வேறு கேள்வி. அதற்குக் கார்டு போதாது.

கார்டு டெஸ்ட் அவசரத்துக்கு நல்லதுதான், இருபது நிமிஷத்தில் கோடு விழுந்துவிடும். ஆனால் கிட்டுக்குக் கிட்டு தரம் மாறும், மங்கலாக ஒரு கோடு விழுந்தால் பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது தீர்ப்பு. அதனால்தான் அரசாங்கக் கணக்கில் கார்டில் பாசிட்டிவ் என்றால் ‘இருக்கலாம்’ என்ற பட்டியல், எலைசா என்ற லேப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்றால்தான் ‘உறுதி’. காய்ச்சல் தொடங்கி முதல் ஐந்து நாட்களுக்குள் என்றால் என்எஸ்1, அதாவது வைரஸின் புரதத்தைத் தேடுவது; அதற்கு அப்புறம் என்றால் ஐஜிஎம், அதாவது அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது. எத்தனையாவது நாள் காய்ச்சல் என்று திரும்பத் திரும்பக் கேட்டிருப்பார்களே, அது இதற்காகத்தான். நாள் தப்பினால் தப்பான டெஸ்ட், தப்பான டெஸ்ட்டுக்கு ‘இல்லை’ என்று பதில்.

அப்புறம் ஏன் தாமதம்? எலைசா பிளேட் என்பது 96 சின்னக் குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு. உங்கள் பையன் ஒருவனுக்காக அதை ஓட்டினாலும் டெஸ்ட் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் கன்ட்ரோல்களுக்கென்று சில குழிகள் எப்படியும் போய்விடும், கிட்டும் விலை கூடியது. சின்ன லேப்களில் நாலு ஆஸ்பத்திரி ரத்தமும் சேரட்டும் என்று காத்திருந்து ஓட்டுவார்கள். சேர்ந்த பிறகும் ஊறவைப்பது, கழுவுவது, மறுபடி ஊறவைப்பது என்று அரை நாள் வேலை. இது சரி என்று நான் சொல்ல வரவில்லை. காரணம் இதுதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ரத்தம் எடுத்த வாரத்தில் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் உங்கள் வீட்டுப் பக்கம் வந்து ட்ரம்மைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்களா? ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் தட்டைக் கேட்டிருப்பார்கள். ஒரே தெருவில் இரண்டு மூன்று பாசிட்டிவ் வரிசையாக விழுந்தால் அந்தப் பட்டாளம் அங்கேதான் வரும். இதையெல்லாம் ரத்தம் எடுத்த அன்றே உங்களிடம் ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, அது எங்கள் ஆட்கள் பக்கத் தப்பு.

கே: கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் என்கிறார்களே, எந்த ராஜாவின் பெயர் அது?
(கல்லூரி மாணவர், தாம்பரம்)

ப: ராஜா இல்லை, கர்னல் டபிள்யூ.ஜி. கிங். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்தவர். 1899-இல் தொடங்கிய நிலையம், அப்போதைய முக்கிய வேலை பெரியம்மைக்குத் தடுப்பூசிப் பால் தயாரிப்பது. கன்றுக்குட்டியின் தோலில் கிருமியை வளர்த்துச் சுரண்டி எடுப்பார்கள், அதாவது பாதி லேப் பாதி மாட்டுத் தொழுவம். பிறகு தண்ணீர்ப் பரிசோதனை, போலியோ, டெங்கு என்று வேலை கூடிக்கொண்டே போனது. கொரோனா வந்தபோது தமிழ்நாட்டில் முதலில் பரிசோதனை தொடங்கியதும் அங்கேதான்.

கே: எங்கள் கிராமத்தில் ஒரே வாரத்தில் பதினைந்து பேருக்கு வாந்திபேதி. சுகாதாரத் துறை ஆட்கள் வந்து முதல் வேலையாக மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள். மறுநாள் இன்னொரு குழு வந்து தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனது. ‘கிருமி இல்லை’ என்று ரிசல்ட். இது என்ன கூத்து?
(வார்டு உறுப்பினர், விழுப்புரம் மாவட்டம்)

ப: கூத்துதான் ஐயா, மறுக்கவில்லை. மருந்தைக் கொட்டிவிட்டுக் கிருமியைத் தேடினால் எப்படி இருக்கும்? முதலில் பாட்டிலில் பிடித்திருக்க வேண்டும், ஐந்து நிமிஷ வேலை, அப்புறம் குளோரின் போட்டிருக்கலாம். ஆனால் அந்த முதல் குழுவையும் முழுசாகக் குறை சொல்ல மனசு வரவில்லை. பதினைந்து பேர் படுத்திருக்கும் ஊரில் பாட்டில் வரட்டும் என்று ஒருத்தன் குளோரின் போடாமல் உட்கார்ந்திருந்தால் நீங்களே அவனைச் சும்மா விட்டிருக்க மாட்டீர்கள்.

அந்தப் பாட்டிலைப் பற்றி ஒரு விஷயம். லேபிலிருந்து வரும் தண்ணீர் மாதிரிப் பாட்டிலின் அடியில் சோடியம் தயோசல்பேட் கொஞ்சம் போட்டு அனுப்பியிருப்பார்கள். குழாய்த் தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரினை அது முறித்துவிடும். அது இல்லையென்றால் உங்கள் ஊரிலிருந்து லேப் வந்து சேரும் இரண்டு மூன்று மணி நேரத்தில் பாட்டிலுக்குள்ளேயே குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டிருக்கும், லேபில் திறந்தால் சுத்தமான தண்ணீர். பாட்டிலில் என்னமோ அழுக்கு ஒட்டியிருக்கிறதே என்று நன்றாகக் கழுவிவிட்டுத் தண்ணீர் பிடித்து அனுப்பிய ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் வாந்திபேதி என்றால் தண்ணீரை மட்டும் நம்பக் கூடாது, நோயாளியின் மலமும் வேண்டும், அதுவும் ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்னால். பஞ்சுக்குச்சியில் எடுத்து கேரி-பிளேர் என்ற கூழ் போன்ற ஊடகத்தில் செருகி அனுப்புவார்கள். காலராக் கிருமி அதில் பெருகாமலும் சாகாமலும் அப்படியே கிடக்கும், ஐஸ்கூடத் தேவையில்லை. லேபில் காரத்தன்மையுள்ள பெப்டோன் நீரில் சில மணி நேரம் வளர்த்து, பச்சை நிறத் தட்டில் தீட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் மறுநாள் காலை மஞ்சள் மஞ்சளாகப் புள்ளிகள். அதிலிருந்து ஒரு துளியைக் கவர் கிளாஸில் தொங்கவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், மழை விட்ட சாயங்காலம் ட்யூப் லைட்டை மொய்க்கும் ஈசல் மாதிரி விர் விர்ரென்று பாயும். ஓ1 என்ற காலரா வகையை மட்டும் பிடித்து நிறுத்தும் எதிர்ச்சீரத்தில் ஒரு சொட்டு விட்டால் அத்தனையும் அப்படியே நின்றுவிடும். நின்றால் காலரா.

நிற்காவிட்டால்? 1992 கடைசியில் சென்னையில் அதுதான் நடந்தது. நோயாளிகளைப் பார்த்தால் அச்சு அசல் காலரா, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி பேதி, கண் குழி விழுந்து கிடக்கிறார்கள். கிருமியைப் பார்த்தாலும் காலராக் கிருமிதான். ஆனால் ஓ1 சீரத்துக்கு மசியவில்லை. அதுவரை புத்தகத்தில் இருந்தது என்னவென்றால், ஓ1 வகைதான் ஊரையே படுக்க வைக்கும், மற்றவை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பேதி வரவைக்கும், அவ்வளவுதான். புத்தகத்தை நம்பி ‘காலரா இல்லை’ என்று எழுதிக் கோப்பை மூடியிருக்கலாம். மூடவில்லை. அதே போன்ற கிருமி மதுரை, வேலூர், கல்கத்தா, வங்கதேசம் என்று வங்காள விரிகுடாவை ஒட்டி ஒவ்வொரு இடமாகக் கிடைத்தது. அதுவரை தெரிந்த 138 வகைச் சீரங்களோடும் ஜப்பானில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், எதோடும் ஒத்துப்போகவில்லை. அதற்கு 139-ஆம் எண் கொடுத்தார்கள், ஓ139, கூடவே ‘பெங்கால்’ என்று ஒரு பெயர். காலரா வழக்கமாக இருக்கும் ஊர்களில் சிறுபிள்ளைகள்தான் அதிகம் படுப்பார்கள், பெரியவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும். இதில் பெரியவர்களே கொத்தாக விழுந்தார்கள், ஏனென்றால் இந்தக் கிருமியை யார் உடம்பும் முன்னே பின்னே பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்து நம் ஊர் லேப்கள் பிடித்த கிருமிகளில் இதற்கு ஈடாக இன்னொன்றைச் சொல்வது கஷ்டம், ஆனால் பள்ளிப் பாடப் புத்தகத்தில் ஒரு வரி பார்த்ததாக ஞாபகம் இல்லை.

கே: ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன் சார். மாவட்ட லேபுக்கு அனுப்பும் மாதிரிகளை மாசத்துக்கு நாலைந்து தடவை ‘நிராகரிக்கப்பட்டது’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். எங்கள் கஷ்டம் அவர்களுக்குப் புரிவதில்லை.
(சிவகங்கை மாவட்டம்)

ப: தம்பி, திருப்பி அனுப்பியவன் பக்கத்தில் பல வருஷம் இருந்தவன் நான், அதனால் கொஞ்சம் வெட்கத்தோடுதான் பதில் எழுதுகிறேன். ஒரு தீபாவளிக்கு முந்தின நாள் பெட்டி ஒன்று வந்தது. உள்ளே ஐஸ் முழுக்க உருகித் தண்ணீராகி, பதினோரு ட்யூப் மிதக்கின்றன, ஜெல் பேனாவில் எழுதிய பெயரெல்லாம் கரைந்து தண்ணீரே லேசான நீலம். எந்த ரத்தம் யாருடையது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். பதினொன்றையும் தள்ளிவிட்டேன், போனில் அந்தப் பையனைப் பிடித்துக் கத்தவும் செய்தேன். அப்புறம்தான் தெரிந்தது, வண்டி வரவில்லை என்று பஸ்ஸில் இரண்டு இடம் மாறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவனே வந்திருக்கிறான். தள்ளியது சரி. கத்தியது தப்பு.

உன் விஷயத்துக்கு வருவோம். பொதுவாக என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததாகவும் இருக்கலாம். எலைசாவுக்கு சீரம், அதாவது ரத்தம் உறைந்த பிறகு மேலே நிற்கும் தெளிந்த நீர் வேண்டும், ஊதா மூடி ட்யூபில் அனுப்பினால் உறையாது, சிவப்போ மஞ்சளோ மூடியில் அனுப்பு. எடுத்த ரத்தத்தை அரை மணி நேரம் சும்மா நிற்கவிடு, உறையட்டும், பிறகு சென்ட்ரிஃபியூஜ் மெஷினில் சுழற்று. கரண்ட் இல்லை, சென்ட்ரிஃபியூஜ் ஓடவில்லை என்று முழு ரத்தத்தை அப்படியே ஃப்ரீசரில் வைத்துவிடாதே, அணுக்கள் உடைந்து ரோஸ் மில்க் மாதிரி ஆகிவிடும், ஃப்ரிட்ஜின் சாதாரணத் தட்டில் இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருந்தால் போதும். பெயரை மார்க்கரில் எழுதி மேலே செல்லோடேப் ஒட்டு. ஃபாரத்தில் காய்ச்சல் தொடங்கிய தேதியைக் காலியாக விடாதே, அது இல்லாமல் எந்த டெஸ்ட் போடுவது என்றே அங்கே இருப்பவனுக்குத் தெரியாது.

வசதி குறைவு என்று மனசு விடாதே. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன் சொல்லி, நிர்மலா என்ற மருத்துவ மாணவி எய்ட்ஸ் கிருமி இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் சேகரித்தார். வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்து, ரயிலில் வேலூர் சிஎம்சிக்குக் கொண்டுபோய்ப் பார்த்ததில் ஆறு பேருக்கு பாசிட்டிவ். இந்தியாவில் எச்ஐவி இருக்கிறது என்று நாட்டுக்குத் தெரிந்தது அப்படித்தான். (இதைப் படித்துவிட்டு வீட்டு ஃப்ரிட்ஜில் மாதிரி வைத்தாய் என்றால் நான் பொறுப்பில்லை.)

கே: போலியோதான் ஒழிந்துவிட்டதே. பிள்ளைகளுக்குக் கால் விளங்கவில்லை என்றால் இன்னும் ஏன் மலம் எடுத்துப் போகிறார்கள்? எல்லாம் ‘இல்லை’ என்றுதானே வருகிறது, வீண் செலவு.
(ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்)

ப: ‘இல்லை’ என்று சொல்வதற்குத்தான் சார் அதிகம் செலவாகும். இந்தியாவில் கடைசியாகக் காட்டு வகைப் போலியோ (தடுப்பு மருந்திலிருந்து வராமல் இயற்கையாகப் பரவுவது) வந்தது 2011 ஜனவரி 13, மேற்கு வங்கம் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு. ஒழிந்தது என்று சான்றிதழ் கொடுத்தது 2014 மார்ச் 27. நடுவில் மூன்று வருஷம் என்ன செய்தார்கள்? 15 வயதுக்குள் யாருக்குத் திடீரென்று கை கால் தளர்ந்தாலும், காரணம் என்னவாக இருந்தாலும், 14 நாளுக்குள் ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டு மல மாதிரி எடுத்துக் குளிரூட்டிய பெட்டியில் அனுப்பினார்கள். ஆண்டுக்கு 50 ஆயிரம் பிள்ளைகளுக்கு மேல். கிண்டி உட்பட எட்டு லேப்கள் இதற்காக.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. போலியோ இல்லாவிட்டாலும் வேறு காரணங்களால் ஒரு லட்சம் பிள்ளைகளில் வருஷத்துக்கு ஒருவருக்காவது இப்படிக் கால் தளரும். ஒரு மாவட்டத்திலிருந்து ஒன்றுமே வரவில்லை என்றால் கைதட்ட மாட்டார்கள், அங்கே யாரும் தேடவில்லை என்று ஆளை அனுப்புவார்கள். வகுப்பில் ஒரு பையன்கூடச் சந்தேகம் கேட்கவில்லை என்றால் எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்றா நினைப்பீர்கள்?

கே: டெஸ்ட் எடுப்பது ரத்தத்துக்கு. என் போன் நம்பரும் வீட்டு விலாசமும் எதற்கு?
(பெயர் வேண்டாம், சேலம்)

ப: பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள், பொருத்தம்தான்! விலாசம் இல்லாமல் பாசிட்டிவ் என்று ஒரு காகிதம் இருந்து ஊருக்கு என்ன பிரயோஜனம்? ‘மாரியம்மன் கோயில் தெரு’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள், தமிழ்நாட்டில் மாரியம்மன் கோயில் தெரு இல்லாத ஊர் எது? 2004-இல் வந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் மூன்று ஃபாரம் வைத்தார்கள். களப் பணியாளர் சந்தேகப்பட்டால் ஒன்று, டாக்டர் பார்த்துச் சொன்னால் ஒன்று, லேப் உறுதி செய்தால் ஒன்று. 2021-இலிருந்து இது பெரும்பாலும் ஆன்லைன். குறிப்பிட்ட தொற்றுநோய்களை அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்பது 1939-ஆம் ஆண்டு சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே இருக்கிறது. உங்கள் ரிசல்ட்டை ஊரில் தமுக்கடிக்க யாருக்கும் உரிமை கிடையாது, அப்படி நடந்தால் தாராளமாகப் புகார் கொடுங்கள்.

கே: மரபணு வரிசைப்படுத்துதல் என்று கொரோனா காலத்தில் அடிக்கடி கேட்டோம். இப்போது அந்த மெஷின்கள் தூங்குகின்றனவா?
(மருந்துக்கடை உரிமையாளர், காரைக்குடி)

ப: கொரோனா வைரஸின் மரபுச் சரம் சுமார் 30 ஆயிரம் எழுத்து. அதை எழுத்தெழுத்தாகப் படித்து, எங்கே பிழை விழுந்திருக்கிறது என்று ஒப்பிட்டால் எது எதிலிருந்து பிரிந்தது என்று தெரியும், பழைய பத்திரத்தைப் பார்த்துப் பங்காளி உறவு கண்டுபிடிக்கிற மாதிரி. ஆரம்பத்தில் நாம் மாதிரிகளைப் பெங்களூருக்கும் புனேவுக்கும் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தோம், பதில் வருவதற்குள் அலை பாதி ஓடியிருக்கும். 2021 செப்டம்பரில் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டிஎம்எஸ் வளாகத்திலேயே மாநில அரசு சொந்தமாக லேப் வைத்தது. அதே மெஷினில் டெங்குவையும் காசநோயையும் படிக்கலாம். ஆனால் மெஷினை விட அதில் ஊற்றும் ரசாயனத்துக்கும் உட்கார்ந்து படிக்கிற ஆளுக்கும்தான் தொடர்ந்து பணம் வேண்டும். திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் அந்தப் பட்ஜெட்டுக்கும் வந்தால் தூங்காது.

கே: 2018-இல் கேரளாவில் நிபா வைரஸை எப்படி அவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்தார்கள்? நம் ஊரில் நடக்குமா?
(செவிலியர், கோவை)

ப: முதல் நோயாளியிடம் கண்டுபிடிக்கவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் சிஸ்டர். அவர் இறந்தபோது மாதிரியே எடுக்கவில்லை. அதே வீட்டில் அடுத்தவரும் அதே மாதிரி காய்ச்சல், குழப்பம் என்று கோழிக்கோடு ஆஸ்பத்திரிக்கு வந்தபோதுதான் அங்கிருந்த டாக்டர்களுக்குப் பொறி தட்டியது. மாதிரி மணிப்பால் வைரஸ் ஆய்வகத்துக்குப் போனது, அங்கே நிபா என்று தெரிந்தது, புனே தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனம் உறுதி செய்தது, எல்லாம் சில நாட்களுக்குள். பக்கத்தில் லேப் இருந்தது பெரிய விஷயம். ஆனால் ‘ஒரே வீட்டில் ரெண்டாவது ஆள், இது சாதாரண மூளைக்காய்ச்சல் இல்லை’ என்று ஒருத்தருக்குத் தோன்றாமல் போயிருந்தால் அந்த லேபுக்கு ட்யூபே வந்திருக்காது. நம் ஊரில் நடக்குமா என்றால், அப்படித் தோன்றும்போது வார்டில் நீங்கள் டாக்டரிடம் சொல்வதற்குத் தயங்குவீர்களா மாட்டீர்களா என்பதைப் பொறுத்தது.

கே: காலங்காத்தாலே இரண்டு பேர் எங்கள் தெருக்கோடி பம்பிங் ஸ்டேஷனில் சாக்கடைத் தண்ணீரை பாட்டிலில் பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார்கள். கேட்டால் ‘லேபுக்கு’ என்றார்கள். எங்கள் தெருவில் யாருக்காவது ஏதாவது இருக்கிறதா?
(குடும்பத் தலைவி, சென்னை)

ப: பயப்படாதீர்கள் அம்மா. ஊரே எழுந்து குளியலறைப் பக்கம் போகிற நேரம் அது, அதனால்தான் காலையில் வருகிறார்கள். போலியோக் கிருமி தொற்றிய இருநூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் கால் விளங்காமல் போகும், மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் கிருமி மலத்தில் வெளியேறிக்கொண்டே இருக்கும். வீடு வீடாகப் போய் மாதிரி கேட்காமல் அதைப் பிடிக்க நல்ல வழி சாக்கடைதான். மும்பையில் 2001-இலிருந்தே போலியோவுக்காக இப்படிப் பார்க்கிறார்கள். 2022-இல் லண்டனில் ஒரு பிள்ளைகூடப் படுக்காத நேரத்தில் சாக்கடையில் போலியோக் கிருமியைப் பிடித்துவிட்டுத் தடுப்பு மருந்து கொடுக்கக் கிளம்பினார்கள். இப்போது கொரோனாவுக்கும் பல ஊர்களில் இதே முறைதான்.

அந்த ஒரு பாட்டிலில் ஆயிரக்கணக்கான வீட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறது. அதில் என்ன வந்தாலும் யார் வீடு என்று எந்த லேபாலும் சொல்ல முடியாது. அதனால் எதிர்வீட்டுக்காரர்களோடு பேச்சுவார்த்தையை நிறுத்தியிருந்தீர்கள் என்றால், இன்றைக்கே ஒரு டம்ளர் காப்பி கொடுத்துச் சரிபண்ணிவிடுங்கள்.